புதிய கருவிகளின் பட்டியலும் உலாவிக்குள் நடக்கும் மாற்றமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பயனருடன் ஊடாடும் இணையப் பக்கங்களை உருவாக்க உதவும் புதிய கருவிகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ரியாக்ட், வியூ, ஸ்வெல்ட், ஆஸ்ட்ரோ என்று இன்று பேசப்படும் பெயர்கள் ஏறத்தாழ அனைத்தும் அதில் இடம்பெற்றிருந்தன. இத்துறைக்குள் நுழைய விரும்பும் மாணவர்களுக்கு அது பயன்படும் என்பதிலும் ஐயமில்லை. ஆயினும், இப்பணியில் நெடுநாளாக ஈடுபட்டு வருபவன் என்ற முறையில் ஒரு குறையைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். கருவிகளின் பெயர்களை வரிசையாகத் தந்த கட்டுரை, அவை ஏன் தோன்றின, அவற்றின் வேலை இப்போது எங்கே நகர்ந்துகொண்டிருக்கிறது என்பவற்றைத் தொடவே இல்லை. கடந்த சில ஆண்டுகளில் நடந்துவரும் மிகப் பெரிய மாற்றம், நேற்றுவரை கருவிகள் செய்துவந்த வேலைகளை உலாவியே ஏற்றுக்கொள்ளத் தொடங்கியிருப்பதுதான் என்பது என் கருத்து. எதைக் கற்பது என்று கேட்கும் இளைஞரிடம் இதைச் சொல்லாமல் பட்டியலை மட்டும் நீட்டினால், அவர் பாடுபட்டுக் கற்றதில் பெரும்பகுதி சில ஆண்டுகளிலேயே பயனற்றுப் போகக்கூடும்.

இது முன்பும் நடந்திருக்கிறது. 1995ஆம் ஆண்டு மே மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்துக்காக பிரெண்டன் ஐக் பத்தே நாள்களில் முதல் வடிவத்தை எழுதி முடித்த, உலாவிக்குள் ஓடும் நிரல் மொழியான ஜாவாஸ்கிரிப்ட், படிவத்தில் விடுபட்ட கட்டத்தைச் சுட்டிக்காட்டுவது போன்ற சிறு வேலைகளுக்கே தொடக்கத்தில் பெரிதும் பயன்பட்டது. 2004இல் ஜிமெயிலும் 2005இல் கூகுள் மேப்ஸும் வந்தபோதுதான், பக்கத்தை முழுவதுமாக மறுபடி ஏற்றாமலே சர்வரிடமிருந்து தகவலைப் பெற்று, வேண்டிய இடத்தை மட்டும் மாற்றலாம் என்பது பரவலாகத் தெரியவந்தது. அம்முறைக்கு ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் 2005இல் ஏஜாக்ஸ் என்று பெயரிட்டார். அன்று உலாவிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நடந்துகொண்டதால், ஒரே வேலைக்குப் பல விதமாக நிரல் எழுத வேண்டியிருந்தது. 2006இல் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேகுவெரி என்ற லைப்ரரி, அதாவது பிறர் எடுத்துப் பயன்படுத்துவதற்கான ஆயத்த நிரல், அந்த வேறுபாடுகளை மறைத்துத் தந்தது. உலகெங்கும் அது பரவியதற்குக் காரணமும் அதுவே. பின்னர், பக்கத்தின் உறுப்புகளைத் தேடி எடுக்கும் வசதியும் சர்வரிடம் எளிதாகத் தகவல் கேட்கும் வசதியும் உலாவிகளுக்குள்ளேயே வந்து சேர்ந்தன. ஜேகுவெரியை அடித்தளமாகக் கொண்டிருந்த பூட்ஸ்டிராப் என்ற பக்க வடிவமைப்புக் கருவி, 2021இல் வெளியான தன் ஐந்தாம் பதிப்பில் அதைக் கைவிட்டது. பழைய தளங்கள் பலவற்றில் ஜேகுவெரி இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. புதிதாகத் தொடங்கும் ஒருவர் அதைத் தேடிப் போக வேண்டிய தேவை மட்டும் இல்லாமல் போயிற்று.

ஃபிளாஷின் கதை வேறு வகை. அசைவூட்டம், ஒலி, விளையாட்டு ஆகியவற்றுக்கு உலாவிக்குள் இடமில்லாத காலத்தில் அந்த வெற்றிடத்தை நிரப்பியது அது. ஆனால் ஒரு நிறுவனத்தின் கையில் மட்டுமே இருந்த, உலாவியில் தனியாகச் சேர்க்க வேண்டிய செருகுநிரல் அது. ஐபோனில் அதை ஏன் அனுமதிக்கவில்லை என்று 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் வெளிப்படையாக எழுதினார். இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் அந்த வேலைகளுக்கு உலாவிக்குள்ளேயே இடம் தந்த எச்டிஎம்எல்5 என்ற பதிப்பு, 2014 அக்டோபரில் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக வெளிவந்தது. 2020 டிசம்பர் 31ஆம் தேதியுடன் அடோபி நிறுவனம் ஃபிளாஷுக்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது. அதில் உருவாகியிருந்த பாடங்களும் விளையாட்டுகளும் அதன்பின் திறக்க முடியாதவையாயின. ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட ரஃபிள் என்ற திறமூல மென்பொருள் அவற்றில் பலவற்றை இன்று மீண்டும் இயக்கிக் காட்டுகிறது என்பது ஓர் ஆறுதல். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் செர்ன் ஆய்வுக்கூடத்தில் எழுதப்பட்ட எச்டிஎம்எல் பக்கங்களுக்கோ அப்படி எந்த மீட்புப் பணியும் தேவைப்படவில்லை. இன்றைய உலாவி அவற்றை அப்படியே காட்டுகிறது. பொதுத் தரத்துக்குள் வந்துவிட்ட ஒன்றுக்கும் ஒரு தனி நிறுவனத்தையோ தனி லைப்ரரியையோ நம்பி நிற்கும் ஒன்றுக்கும் ஆயுளில் உள்ள வேறுபாடு இது. கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது இதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதாகத் தெரியவில்லை.

இன்று உலாவிக்குள் வந்து சேர்ந்திருப்பவற்றை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். 'இதை நீக்கிவிடலாமா?' என்று கேட்கும் ஒரு சிறு பெட்டி பக்கத்தின் மேல் தோன்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கு அது ஒரு கட்டமும் இரண்டு பொத்தான்களும் மட்டுமே. ஆனால் அதைச் சரியாகச் செய்வதென்றால், பெட்டி திறந்ததும் விசைப்பலகையின் கவனம் அதற்குள் செல்ல வேண்டும். டேப் விசையை எத்தனை முறை அழுத்தினாலும் அந்தக் கவனம் பின்னால் மங்கிக் கிடக்கும் பக்கத்துக்கு நழுவக் கூடாது. எஸ்கேப் விசையை அழுத்தினால் பெட்டி மூட வேண்டும். மூடியதும் கவனம் முதலில் இருந்த பொத்தானுக்கே திரும்ப வேண்டும். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான், திறந்திருப்பது ஓர் உரையாடல் பெட்டி என்பதை அறிவிக்க வேண்டும். பக்கத்தின் வேறெந்த உறுப்பும் மேலே ஏறி அதை மறைக்கக் கூடாது. இவ்வளவையும் கவனித்துக்கொள்வதற்கென்றே தனி லைப்ரரிகள் இருந்தன. அவற்றைப் பயன்படுத்தாமல் தாமே எழுதியவர்கள் பெரும்பாலும் பாதியில் விட்டுவிட்டார்கள். டயலாக் என்ற எச்டிஎம்எல் உறுப்பு இவை அனைத்தையும் தானே செய்கிறது. குரோம் உலாவியில் அது 2014இலேயே வந்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸிலும் சஃபாரியிலும் வந்து சேர 2022 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த எட்டு ஆண்டுகளில் அதே பெட்டிக்காக உலகெங்கும் எழுதப்பட்ட நிரல்களின் எண்ணிக்கையை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

டயலாக் ஒன்று மட்டுமில்லை. பொத்தானை அழுத்தினால் அருகில் ஒரு சிறு பட்டியல் விரிந்து, வேறெங்கேனும் தொட்டால் மறையும் பாப்ஓவர் வசதி இன்று எச்டிஎம்எல்லின் ஒரு பண்பாகவே கிடைக்கிறது. ஓர் உறுப்புக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து அந்த உறுப்பின் தோற்றத்தையே மாற்றும், பக்கத் தோற்றத்துக்கான சிஎஸ்எஸ் மொழியின் 'ஹேஸ்' தெரிவு, 2022இல் சஃபாரியிலும் குரோமிலும் வந்து, 2023 டிசம்பரில் ஃபயர்ஃபாக்ஸில் நிறைவு பெற்றது. முன்பு இதற்கு ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமல் வழியே கிடையாது. திரையின் அகலத்தைப் பார்க்காமல், தான் வைக்கப்பட்டிருக்கும் கட்டத்தின் அகலத்தைப் பார்த்துத் தன்னை அமைத்துக்கொள்ளும் கண்டெய்னர் குவெரி 2023 பிப்ரவரியில் முக்கிய உலாவிகள் அனைத்திலும் வந்துவிட்டது. ஒரு காட்சியிலிருந்து மற்றொரு காட்சிக்கு மென்மையாக மாறும் வியூ டிரான்சிஷன், குரோமில் 2023 மார்ச்சிலும் சஃபாரியில் 2024 செப்டம்பரிலும் ஃபயர்ஃபாக்ஸில் 2025 அக்டோபரிலும் அறிமுகமாயிற்று. கைப்பேசிச் செயலியைப் போன்ற அசைவு வேண்டும் என்பதற்காகவே தளத்தின் எல்லாப் பக்கங்களையும் ஒரே பக்கமாக மாற்றி எழுதியவர்கள் உண்டு. அந்தக் காரணம் இனி செல்லாது. இந்த வேகம் தற்செயலாக வந்ததும் இல்லை. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மோசில்லா ஆகியவை இகாலியா, போகூப் என்ற இரு நிறுவனங்களுடன் சேர்ந்து, எந்தெந்த வசதிகள் எல்லா உலாவிகளிலும் ஒரே விதமாக இயங்க வேண்டும் என்று ஆண்டுதோறும் இலக்கு வைத்துச் செயல்படும் இண்டராப் திட்டமே இதற்குக் காரணம். ஒரு வசதியை இன்று நம்பிப் பயன்படுத்தலாமா என்பதை 2023 முதல் பேஸ்லைன் என்ற குறியீடு சொல்லிவிடுகிறது; எல்லா முக்கிய உலாவிகளிலும் வந்து 30 மாதங்கள் கடந்தால் அது பரவலாகக் கிடைப்பது என்ற தகுதியைப் பெறுகிறது.

இனி, ரியாக்டைப் பற்றி. 2013 மே மாதத்தில் ஃபேஸ்புக் அதைத் திறமூலமாக வெளியிட்டபோது அது முன்வைத்த கருத்து உண்மையிலேயே பெரியது. திரையின் எந்தப் பகுதியை எப்போது மாற்றுவது என்று ஒவ்வொன்றாகக் கட்டளையிடாமல், தகவல் இப்படி இருந்தால் திரை இப்படி இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதினால் போதும், மாற்றும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றது அது. சிக்கலான திரைகளைப் பிழையின்றி எழுதுவதை அது எளிதாக்கியது. வியூவும் ஸ்வெல்டும் அதே கருத்தைத் தத்தம் வழியில் எடுத்துச் சென்றன. குறை கருத்தில் இல்லை, அதைப் பயன்படுத்திய இடங்களில் இருந்தது. வாசிப்பதற்கு மட்டுமே உள்ள பக்கங்களும், ஒரே ஒரு தேடல் கட்டம் மட்டும் ஊடாடும் பக்கங்களும்கூட முழுக்க முழுக்க ஜாவாஸ்கிரிப்டால் எழுப்பப்பட்டன. சர்வர் ஒரு வெற்றுப் பக்கத்தை அனுப்பும். நிரல் வந்து சேர்ந்து, உலாவி அதைப் படித்து இயக்கி, பிறகு தகவலைக் கேட்டு வாங்கி, அதன்பின்தான் வாசகர் கண்ணில் எழுத்து தெரியும். இதைச் சரிசெய்வதற்காக சர்வரிலேயே ஒரு முறை பக்கத்தைத் தயாரித்து அனுப்பி, பிறகு அதே பக்கத்தை உலாவியில் மறுபடியும் உயிர்ப்பிக்கும் ஹைட்ரேஷன் முறை வந்தது. அதிலும் ஓர் இடைவெளி இருக்கிறது: பொத்தான் கண்ணுக்குத் தெரியும், ஆனால் தொட்டால் எதுவும் நடக்காது.

தொட்டால் எதுவும் நடக்காத அந்தக் கணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனெனில் ஊடாடும் பக்கம் என்று நாம் சொல்வதன் தகுதி அங்கேதான் தெரிகிறது. ஒரு படத்தையும் அதே அளவுள்ள ஜாவாஸ்கிரிப்டையும் ஒன்றாகக் கருதக் கூடாது. படம் வந்து சேர்ந்தால் அதை விரித்துத் திரையில் வரைந்துவிட்டால் வேலை முடிந்தது. ஜாவாஸ்கிரிப்டை உலாவி படித்துப் பொருள் கொண்டு, இயந்திர மொழிக்கு மாற்றி, இயக்கவும் வேண்டும். அந்த இயக்கம் பெரும்பாலும் முதன்மை இழை எனப்படும் ஒரே வரிசையில் நடக்கிறது. பயனர் தொடுவதைக் கவனிப்பதும், திரையை மறுபடி வரைவதும் அதே வரிசையில்தான் காத்திருக்க வேண்டும். நிரலை எழுதுபவரின் கணினி விலையுயர்ந்தது, வேகமானது. அதில் அவர் சோதித்துப் பார்க்கும்போது இந்தக் காத்திருப்பு கண்ணுக்கே தெரியாது. அதே பக்கம் சாதாரணக் கைப்பேசிக்குப் போனதும், தொட்ட விரல் பதிலுக்காகக் காத்திருந்து, நடந்ததோ இல்லையோ என்று மறுபடியும் தொடுகிறது. இதை அளப்பதற்கு கூகுள் முன்பு கையாண்ட அளவுகோல், முதல் தொடுதலின் தொடக்கத் தாமதத்தை மட்டுமே கணக்கிட்டது. ஆகவே ஏறத்தாழ எல்லாத் தளங்களும் அதில் எளிதாகத் தேர்ச்சி பெற்றன. 2024 மார்ச் 12ஆம் தேதி அதற்கு மாற்றாக ஐஎன்பி என்ற அளவுகோல் நடைமுறைக்கு வந்தது. பயனர் அந்தப் பக்கத்தில் இருக்கும் நேரம் முழுவதும் நடக்கும் தொடுதல்களையும் தட்டச்சுகளையும் கவனித்து, ஒவ்வொன்றுக்கும் திரையில் அடுத்த மாற்றம் தோன்றும்வரை எவ்வளவு நேரம் ஆனது என்று அது பார்க்கிறது. 200 மில்லி விநாடிக்குள் பதில் வந்தால் நன்று. 500ஐத் தாண்டினால் மோசம். இந்த எண்களைப் பயனர்களின் உண்மையான கருவிகளிலிருந்தே திரட்டுகிறார்கள் என்பதால், ஆய்வுக்கூடத்துச் சோதனையில் அழகாகத் தெரிந்த தளங்கள் பல இங்கே தடுமாறின. ஒரு கருவியைப் பாராட்டி எழுதும் எந்தக் கட்டுரையிலும் இந்த எண்ணைக் காண முடிவதில்லை. வரைகலையின் அழகும் எழுதுபவரின் வசதியுமே பேசப்படுகின்றன.

வேலையை மறுபடியும் சர்வருக்கே திருப்பி அனுப்பும் இன்றைய போக்கு இந்தப் பின்னணியில்தான் தோன்றியது. பக்கம் முழுவதையும் வெறும் எச்டிஎம்எல்லாக அனுப்பி, உண்மையில் ஊடாட வேண்டிய இடங்களுக்கு மட்டும் ஜாவாஸ்கிரிப்டைச் சேர்க்கும் தீவு முறையை 2022இல் முதல் பதிப்பு கண்ட ஆஸ்ட்ரோ பரவலாக்கியது. கார்சன் கிராஸ் உருவாக்கிய எச்டிஎம்எக்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், சர்வர் அனுப்பும் எச்டிஎம்எல் துண்டைப் பக்கத்தில் உரிய இடத்தில் பொருத்துவதோடு தன் வேலையை முடித்துக்கொள்கிறது. ரியாக்டும் 2020 டிசம்பரில் அறிவித்த சர்வர் கூறுகளை 2024 டிசம்பரில் வெளியான 19ஆம் பதிப்பில் நிலைப்படுத்தியது. திரையை உருவாக்கும் நிரல் துண்டுகளான கூறுகளில் சில சர்வரிலும் சில உலாவியிலும் ஓட, இரண்டுக்கும் இடையே தகவல் தானாகவே போய்வரும் ஏற்பாடு அது. திறமையான ஏற்பாடுதான். ஆனால் எது எங்கே ஓடுகிறது என்பது எழுதுபவருக்கே மங்கலாகத் தெரியும்போது அதில் ஆபத்தும் இருக்கிறது. 2025 டிசம்பர் 3ஆம் தேதி வெளிவந்த அறிவிப்பின்படி, அந்தக் கூறுகள் தகவலைப் பிரித்தெடுக்கும் இடத்தில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி, கடவுச்சொல் ஏதுமில்லாத ஒருவர் தான் விரும்பிய நிரலை அந்த சர்வரிலேயே இயக்க முடியும் என்பது தெரியவந்தது. தீவிரத்தின் அளவு பத்துக்குப் பத்து என்று குறிக்கப்பட்டது. திருத்தப்பட்ட பதிப்பு உடனே வெளியாயிற்று. இருந்தாலும், தங்கள் கட்டுரை இதே வசதியைப் 'புரட்சி' என்ற ஒரே சொல்லில் கடந்து சென்றது எனக்கு வருத்தமளித்தது.

சிக்னல் எனப்படும் முறையையும் கட்டுரை விட்டுவிட்டது. ஒரு மதிப்பு மாறினால், அதை நம்பியிருக்கும் இடங்கள் மட்டும் தாமாகப் புதுப்பித்துக்கொள்ளும் இம்முறை 2010இல் வந்த நாக்அவுட் என்ற லைப்ரரியிலேயே வேறு பெயரில் இருந்தது. சாலிட் என்ற லைப்ரரி அதை மீண்டும் முன்னுக்குக் கொண்டுவந்தது. ஆங்குலர் என்ற கருவி 2023இலும், ஸ்வெல்ட் 2024இல் தன் ஐந்தாம் பதிப்பிலும் இதே வழிக்கு வந்தன. இதை ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்குள்ளேயே சேர்க்கும் முன்மொழிவு 2024இல் அம்மொழியின் தரக்குழுவின் முதல் கட்டத்தை எட்டியது. அது நிறைவேறுமா என்பது வேறு. வேலை எத்திசையில் நகர்கிறது என்பதை அதுவும் காட்டுகிறது.

உலாவியால் முன்பு எவ்வகையிலும் முடியாதிருந்த சில வேலைகள் இன்று முடிகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். 2017இல் நான்கு முக்கிய உலாவிகளிலும் வந்து, 2019 டிசம்பரில் டபிள்யூ3சி பரிந்துரையான வெப்அசெம்ப்ளி, சி++, ரஸ்ட் போன்ற மொழிகளில் எழுதிய நிரலை உலாவிக்குள் ஏறத்தாழ அதன் இயல்பான வேகத்திலேயே ஓட விடுகிறது. வடிவமைப்பாளர்கள் பலர் சேர்ந்து ஒரே படத்தில் பணிபுரியும் ஃபிக்மா அப்படித்தான் இயங்குகிறது. கணினியில் நிறுவித்தான் ஆக வேண்டும் என்றிருந்த ஃபோட்டோஷாப்பும் அவ்வழியேதான் உலாவிக்குள் வந்தது. வரைகலைச் செயலியின் ஆற்றலை நேரடியாகப் பயன்படுத்தும் வெப்ஜிபியு, 2023இல் குரோமிலும் 2025இல் சஃபாரியிலும் விண்டோஸ் கணினிகளுக்கான ஃபயர்ஃபாக்ஸிலும் வந்திருக்கிறது. முப்பரிமாணக் காட்சிகளுக்கு மட்டுமின்றி, சிறிய செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயனரின் கருவியிலேயே இயக்கவும் அது பயன்படுகிறது. அப்படி இயக்கும்போது பயனரின் புகைப்படமோ குரலோ வேறொரு சர்வருக்குப் போக வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், தனியுரிமையைப் பொறுத்தவரை இது மற்ற எல்லா அலங்காரங்களையும்விட முக்கியமானது. பலர் ஒரே ஆவணத்தில் ஒரே நேரத்தில் எழுதினாலும், இணைப்பு அறுந்து மீண்டும் வந்தாலும், எல்லோருடைய திருத்தங்களும் மோதாமல் ஒன்றுசேரும்படி செய்யும் சிஆர்டிடி எனும் தரவுக் கட்டமைப்பும் இவ்வகையில் சேரும். 2011இல் ஆய்வாளர்கள் வரையறுத்த அந்தக் கருத்தை இன்று ஒய்ஜேஎஸ், ஆட்டோமெர்ஜ் போன்ற லைப்ரரிகள் எவரும் பயன்படுத்தும்படி தருகின்றன. உலாவியே செய்யாத இதுபோன்ற வேலைக்கு லைப்ரரியை நாடுவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

தேவையற்ற இடத்தில் நாடும்போது அதற்கு ஒரு விலை இருக்கிறது. பிறர் எழுதி, நாம் வெளியிலிருந்து சேர்க்கும் ஒவ்வொரு நிரல் தொகுப்பும் நமக்கு முகம் தெரியாத ஒருவரின் கவனத்தை நம்பியிருக்கிறது. அந்தத் தொகுப்பு தன் பங்குக்கு இன்னும் பலரை நம்பியிருக்கிறது. 2016 மார்ச்சில் 11 வரிகளே கொண்ட லெஃப்ட்பேட் என்ற தொகுப்பை அதன் ஆசிரியர் நீக்கியதால், அதைப் பற்றிக் கேள்விப்பட்டிராதவர்களின் திட்டங்களெல்லாம் நின்றுபோயின. பழைய உலாவிகளுக்கு உதவுவதற்காகத் தளங்கள் பலவும் இணைத்து வைத்திருந்த பாலிஃபில் சேவையின் முகவரி கைமாறியபின், 2024 ஜூனில் அதன் வழியே தீய நிரல் பரவியது தெரியவந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அதில் சிக்கின. அவற்றுள் பல, உலாவிகள் என்றோ முன்னேறிவிட்டதால் அந்தச் சேவையே தேவைப்படாத தளங்களாக இருந்திருக்கும். 2025 செப்டம்பரில், ஒரு போலி மின்னஞ்சலால் ஒரே ஒரு பராமரிப்பாளரின் கணக்கு கைப்பற்றப்பட்டு, வாரத்துக்கு 200 கோடிக்கும் அதிகமான முறை தரவிறக்கப்படும் தொகுப்புகளில் தீய நிரல் புகுத்தப்பட்டது. நிரல் கோப்புகள் பலவற்றை ஒன்றாகத் தொகுப்பதை நொடியில் முடிக்கும் வீட், இஎஸ்பில்ட் போன்ற கருவிகளின் வேகத்தை எல்லோரும் பாராட்டுகிறோம்; எதைத் தொகுக்கிறோம் என்று பார்ப்பதற்கு அந்த வேகம் உதவாது.

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு நிரல் எழுதுவதைப் பற்றித் தங்கள் கட்டுரை உற்சாகத்தோடு எழுதியிருந்தது. 2025 பிப்ரவரியில் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் ஆண்ட்ரே கர்பாத்தி 'வைப் கோடிங்' என்று பெயரிட்ட வழக்கம், அதாவது நிரலைப் படிக்காமலே கேட்டுக் கேட்டுச் செயலியை உருவாக்கிக்கொள்வது, இன்று மாணவர்களிடையே வேகமாகப் பரவுகிறது. அதன் பயனை நான் மறுக்கவில்லை. மாதிரி ஒன்றை விரைவில் கண்ணால் பார்க்க அதைவிட எளிய வழியில்லை. ஆனால் நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் கற்றது நேற்றைய நிரல்களிலிருந்து. ஆகவே, மேலே சொன்ன உரையாடல் பெட்டியைக் கேட்டால், டயலாக் உறுப்பு இருக்கும்போதும் பழைய முறையில் நூறு வரிகளை எழுதித் தரும் வாய்ப்பு அதிகம். பொத்தான் கேட்டால், பொத்தானைப் போலத் தோன்றும் ஆனால் விசைப்பலகைக்குப் பதிலளிக்காத ஒரு கட்டத்தைத் தருவதையும் பார்க்கலாம். இல்லாத தொகுப்பு ஒன்றின் பெயரை அவை உறுதியோடு எழுதுவதும் உண்டு. அந்தப் பெயரிலேயே தீய தொகுப்பைப் பதிவு செய்து காத்திருப்பது ஒரு புதிய வகை மோசடியாக எச்சரிக்கப்படுகிறது. தருவது சரியா என்று சொல்ல, கேட்பவருக்கு எச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும் தெரிந்திருக்க வேண்டும். அடிப்படையைக் கற்பதற்கான தேவை இக்கருவிகளால் குறையவில்லை, கூடியிருக்கிறது.

அந்தப் போலிப் பொத்தானால் உண்மையில் பாதிக்கப்படுபவர்கள் யார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எலியைப் பிடிக்க முடியாதவர், திரையைப் பார்க்க முடியாதவர், விசைப்பலகையையோ குரலையோ மட்டுமே நம்பியிருப்பவர் ஆகியோருக்கு அப்பக்கம் பூட்டிய கதவு. இத்தகையோருக்கான இணைய அணுகலை ஆராயும் வெப்எய்ம் அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைத் தானியங்கிக் கருவியால் ஆராய்கிறது. 2025ஆம் ஆண்டு ஆய்வில் 94.8 விழுக்காட்டுப் பக்கங்களில் அணுகல் தரத்துக்கு மாறான பிழைகள் கண்டறியப்பட்டன. திரைவாசிப்பானுக்குக் கூடுதல் விளக்கம் தருவதற்காகச் சேர்க்கப்படும் ஏரியா குறிப்புகள் உள்ள பக்கங்களில், அவை இல்லாத பக்கங்களைவிடப் பிழைகள் மிகுதி என்பதும் அந்த ஆய்வில் தெரியும் ஒன்று. உண்மையான பொத்தானை வைக்காமல் போலியை வைத்து, பிறகு குறிப்புகளால் அதைச் சரிக்கட்ட முயன்றதன் விளைவாகவே பெரும்பாலும் அதை நான் பார்க்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்திருப்பதால், அங்கே பொருளோ சேவையோ விற்கும் தளங்களுக்கு இது நல்லெண்ணத்தை மட்டும் பொறுத்த விஷயமாக இனி இருக்காது. திரை அசைவுகளால் தலைச்சுற்றல் ஏற்படுபவர்கள் தம் கருவியில் அசைவைக் குறைக்கச் சொல்லி வைத்திருப்பதை அறிய, சிஎஸ்எஸ்ஸில் ஒரே ஒரு நிபந்தனை போதும். அசைவுகளைக் கொட்டி வைத்த தளங்கள் பலவற்றில் அந்த ஒரு வரியைக் காணோம்.

எழுத்துமுறை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் இக்கருவிகளின் விளக்கங்கள் லத்தீன் எழுத்துகளை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. 'தமிழ்' என்ற மூன்றெழுத்துச் சொல்லின் நீளத்தை ஜாவாஸ்கிரிப்டிடம் கேட்டால் ஐந்து என்கிறது. உயிர்க்குறியையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. எழுத்து எழுத்தாகத் தோன்றும் அசைவூட்டங்களில் மெய் முதலில் வந்து புள்ளி பிறகு வந்து ஒட்டிக்கொள்வதும், எழுத்து வரம்புள்ள கட்டங்களில் சொல் பாதியில் அறுபடுவதும் இதனால்தான். எழுத்துகளை வாசகர் காணும்படியே பிரித்துத் தரும் செக்மென்டர் வசதி 2024 ஏப்ரலில் ஃபயர்ஃபாக்ஸிலும் வந்ததோடு முக்கிய உலாவிகள் அனைத்திலும் கிடைக்கிறது. ஒவ்வொரு விசை அழுத்தத்துக்கும் கட்டத்தின் உள்ளடக்கத்தை நிரல் திருத்தி எழுதினால், எழுத்து இன்னும் கூடிக்கொண்டிருக்கும்போதே உள்ளீடு சிதைந்துவிடும். தட்டச்சு நிறைவுற்றதை அறிவிக்கும் நிகழ்வுக்காக நிரல் காத்திருக்க வேண்டும். சீனம், ஜப்பானியம், கொரியம் எழுதுவோருக்கும் இதே இடர்தான்.

ஆகவே, தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் அடுத்த முறை ஒரு கருவியை அறிமுகம் செய்யும்போது, அது செய்யும் வேலையில் எவ்வளவை இன்று உலாவியே செய்துவிடுகிறது, அதைச் சேர்ப்பதால் பயனரின் கைப்பேசிக்குக் கூடுதலாக எவ்வளவு நிரல் போகிறது, அதைக் கொண்டு செய்த பக்கத்தை எலியைத் தொடாமல் விசைப்பலகையால் மட்டும் பயன்படுத்த முடிகிறதா ஆகியவற்றையும் கட்டுரையாளர் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். பட்டியல் சுருங்கினாலும் பரவாயில்லை. டயலாக் உறுப்பைக் கொண்டு செய்த ஒரு சிறு மாதிரியையும், லைப்ரரியைக் கொண்டு செய்த அதே மாதிரியையும் இதழின் இணையப் பதிப்பில் அருகருகே வெளியிட்டால், வாசகர்கள் தத்தம் கைப்பேசியிலேயே இரண்டையும் தொட்டுப் பார்த்து ஒப்பிட்டுக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
இணையப் பக்க உருவாக்கப் பணியில் உள்ள ஒரு வாசகர்